விருது வாங்காத படங்கள்: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோபி, ஈரோடு, கோவை என்று மாறி மாறிப் பழைய படங்களைத் திரையிட்டுப் பேசுகிற ஒரு சின்னக் கூட்டத்தில் நானும் உண்டு. படம் முடிந்தாலும் பேச்சு முடியாது. பக்கத்துப் பேக்கரியில் டீ கிளாஸோடு தொடரும். எந்தப் படத்தில் ஆரம்பித்தாலும் கடைசியில் "இதுக்கெல்லாம் ஏன் அவார்டு குடுக்கலை?" என்பதில்தான் வந்து நிற்கும். திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பதில்களில் தகவலும் உண்டு, என் அபிப்பிராயமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஏனுங்ண்ணா, அவார்டு அவார்டுங்கறாங்களே, எதைச் சொல்றாங்க?

பெரும்பாலும் மத்திய அரசு தரும் தேசிய திரைப்பட விருதைத்தான் சொல்கிறார்கள். 1953-ஆம் ஆண்டுப் படங்களுக்கு 1954-இல் கொடுக்கத் தொடங்கியது. அகில இந்தியச் சிறந்த படத்துக்குத் தங்கத் தாமரை, மொழிவாரிச் சிறந்த படத்துக்கும் நடிப்பு, இசை போன்ற பல பிரிவுகளுக்கும் வெள்ளித் தாமரை. அதற்கப்புறம் தமிழ்நாடு அரசு விருது, ஃபிலிம்பேர், வெளிநாட்டில் ஆஸ்கர், கான், வெனிஸ் என்று வரிசை நீளும்.

இந்தப் பக்கத்தில் "விருது" என்று மொட்டையாகச் சொன்னால் தேசிய விருது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டெல்லிக்காரங்களே எல்லாப் படத்தையும் பாத்துத்தான முடிவு பண்றாங்க?

இல்லை. முதலில் தயாரிப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும். அவர் அனுப்பாவிட்டால் படம் எவ்வளவு பெரிய காவியமாக இருந்தாலும் நடுவர் கண்ணில் படாது. வந்த படங்களை முதலில் மண்டலக் குழுக்கள் பார்த்துச் சலிக்கும். தென்னிந்தியாவுக்கு இரண்டு குழுக்கள். தமிழும் மலையாளமும் ஒரே குழுவிடம் போகும். அங்கே தேறியவற்றைத்தான் மத்தியக் குழு பார்க்கும்.

பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம், கணக்கில் வருவது படம் வெளியான ஆண்டு அல்ல, தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய ஆண்டு. 'காக்கா முட்டை' 2015-இல் கொட்டாய்க்கு வந்தது. விருது வாங்கியது 2014-ஆம் ஆண்டுப் படமாக. 'விசாரணை'யும் அப்படித்தான், 2016-இல் வெளியாகி 2015 கணக்கில் சேர்ந்தது. "அந்த வருஷம் அதைவிட நல்ல படம் இருந்துச்சே" என்று சண்டைக்குப் போகும் முன், இரண்டும் ஒரே வருஷக் கணக்கில்தான் இருந்தனவா என்று பார்த்துவிடுவது நல்லது. பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

சிவாஜிக்கே நேஷனல் அவார்டு இல்லைங்கறாங்களே, நெசமாலுமா?

சிறந்த நடிகர் விருதைக் கேட்டால், நிஜம்தான். ஆனால் இந்தக் கோபத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம். நடிப்புக்கு என்று தேசிய விருது வந்ததே 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். 'பராசக்தி' (1952), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'பாசமலர்' (1961), 'கர்ணன்' (1964), 'திருவிளையாடல்' (1965) எல்லாமே அதற்கு முந்தியவை. இல்லாத விருதை யாரும் மறுக்க முடியாது. கட்டபொம்மனுக்காக 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க ஆசியப் படவிழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. டெல்லியில் அப்போது அப்படி ஒரு பிரிவே இல்லை.

மிச்சப் பாதி கோபம் நியாயமானது. 1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' தமிழின் சிறந்த படம் ஆனது, ஒளிப்பதிவுக்கும் விருது வாங்கியது. நாதஸ்வரம் ஊதியவருக்கு ஒன்றுமில்லை. 1985-இல் 'முதல் மரியாதை' சிறந்த தமிழ்ப் படம், வைரமுத்துவுக்குச் சிறந்த பாடலாசிரியர் விருது, சிவாஜிக்கு இல்லை. அந்த ஆண்டு சிறந்த நடிகர், 'நியூ டெல்லி டைம்ஸ்' இந்திப் படத்துக்காக சசி கபூர். சசி கபூர் நன்றாகத்தான் நடித்திருந்தார். ஆனாலும் 'முதல் மரியாதை'யில் சிவாஜி ஆற்றங்கரையில் கல்லைத் தூக்கும் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். அப்புறம் நீங்களே சொல்லுங்கள். 'தேவர் மகன்' (1992) படத்துக்கு நடுவர் சிறப்பு விருதும், பிறகு தாதாசாகேப் பால்கே விருதும் அறிவித்தார்கள். அதெல்லாம் தாமதமாக வந்த மரியாதை.

நம்ம கோயமுத்தூர்ல எடுத்த படம் எதுனாச்சும் அவார்டு வாங்கிருக்குதுங்களா?

வாங்கியிருக்கிறது, அதுவும் தொடக்கத்திலேயே. 1954-இல் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த 'மலைக்கள்ளன்'தான் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் (அப்போது மொழிவாரிச் சிறந்த படத்துக்குத் தந்தது) வாங்கிய முதல் தமிழ்ப் படம். கதை நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நாவல், வசனம் மு. கருணாநிதி, நடிப்பு எம்.ஜி.ஆரும் பானுமதியும். கதை நாமக்கல், ஸ்டுடியோ கோயமுத்தூர் என்று முழுக்க நம்ம பக்கத்துச் சரக்கு.

சென்னைதான் சினிமா என்று ஆகும் முன் நம்ம ஊருக்கு இருந்த இடம் வேறு. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். டெலைட் தியேட்டர் என்றால் நகரத்துப் பெரியவர்களுக்குத் தெரியும், அதே கட்டடம்தான். சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் கோவையில், மாடர்ன் தியேட்டர்ஸ் சேலத்தில். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) சேலத்துக்காரர்கள் எடுத்தது.

'மலைக்கள்ளன்' கதையையே நாயுடு 'ஆசாத்' (1955) என்று இந்தியில் எடுத்தார். அதில் நடித்ததற்கு திலீப் குமாருக்கு ஃபிலிம்பேர் விருது கிடைத்தது. மலைக்கள்ளன் மாறுவேடத்தில் பம்பாய் வரை போய் விருதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் என்று நாங்கள் சிரிப்போம்.

அந்த வருஷந்தான 'அந்த நாள்' வந்துது? அதுக்குக் குடுக்காம மலைக்கள்ளனுக்குக் குடுத்தது சரிங்களா?

இந்தக் கேள்வி வந்தால் எங்கள் கூட்டம் இரண்டாகப் பிரியும். எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' அதே 1954-இல் வந்தது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட காலத்துக் கதை. திரை விலகியதும் ஒரு துப்பாக்கிச் சத்தம், சிவாஜி சுருண்டு விழுகிறார். கதாநாயகனை முதல் நிமிஷத்திலேயே சாகடித்துவிட்டு, சுட்டது யார் என்று ஒவ்வொருவர் வாய்மொழியாகவும் கதையைத் திரும்பச் சொல்லுவார் பாலசந்தர். கடைசியில் செத்தவனே தேசத்தைக் காட்டிக்கொடுத்தவன் என்று தெரியவரும். சுதந்திரம் வந்து ஏழே வருஷத்தில் இப்படி ஒரு கதாநாயகனை வைத்துப் படம் எடுக்க நெஞ்சழுத்தம் வேண்டும். கொட்டாயில் படம் ஓடவில்லை.

அதற்கும் தகுதிச் சான்றிதழ் கொடுத்தார்கள், இரண்டாவது சிறந்த தமிழ்ப் படம் என்று. அதனால் அடியோடு கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் வரிசை மாறியிருக்க வேண்டும். நம்ம ஊர்ப் படம் என்பதற்காக வேறு மாதிரிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 'மலைக்கள்ளன்' பார்க்கச் சுகமான படம். 'அந்த நாள்' அதுவரை யாரும் போகாத பாதையில் போன படம்.

நாயகனுக்கு மூணு அவார்டு குடுத்தாங்க, சிறந்த படம் மட்டும் ஏன் குடுக்கலைங்?

1987-ஆம் ஆண்டுப் பட்டியலில் 'நாயகன்' படத்துக்குக் கமல் (நடிப்பு), பி.சி. ஸ்ரீராம் (ஒளிப்பதிவு), தோட்டா தரணி (கலை) என மூன்று விருதுகள். அகில இந்தியச் சிறந்த படம் ஜானு பருவாவின் அசாமியப் படம். தமிழின் சிறந்த படம் பாலு மகேந்திராவின் 'வீடு'. அதில் நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும் வந்தது. பின்னாளில் 'டைம்' இதழ் 2005-இல் வெளியிட்ட உலகின் 100 சிறந்த படங்கள் பட்டியலில் 'நாயகன்' இடம் பெற்றது. இதைக் காட்டித்தான் பலரும் நடுவர்களைத் திட்டுகிறார்கள்.

திட்டுகிறவர்களில் பாதிப் பேர் 'வீடு' பார்த்ததில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பெண், கடன் வாங்கி, கொத்தனார் மேஸ்திரியிடம் ஏமாந்து, அலுவலகம் அலுவலகமாக அலைந்து ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். கதை அவ்வளவுதான். பாதி கட்டி நிற்கும் வீட்டைப் பார்க்க வரும் தாத்தா சொக்கலிங்க பாகவதர், பூசாத சுவரைக் கையால் தடவித் தடவிப் பார்ப்பார். எங்கள் திரையிடலில் அந்த இடத்தில் கடன் வாங்கி வீடு கட்டினவர்கள் அத்தனை பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். அந்த வருஷம் நடுவர் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் 'வீடு' பக்கம்தான் கை தூக்கியிருப்பேன். தோற்ற படம் பெரிய படம் என்பதற்காக ஜெயித்த படம் சின்னதாகிவிடாது.

எங்க வெள்ளாங்கோயில்காரரு பாக்கியராஜுக்கு திரைக்கதைக்குன்னு ஒண்ணுமே குடுக்கலையாமே?

ஆமாம், தேசிய விருது எதுவும் இல்லை. 'முந்தானை முடிச்சு' (1983) படத்துக்காக ஃபிலிம்பேரின் சிறந்த தமிழ் நடிகர் விருது வாங்கினார். முருங்கைக்காய்க்கு அவர் செய்துகொடுத்த விளம்பரத்துக்குத் தோட்டக்கலைத் துறையாவது ஏதாவது கொடுத்திருக்கலாம்.

சீரியஸாகச் சொன்னால், இவர் விஷயத்தில்தான் எனக்கு நிஜமான வருத்தம். 1981-இல் வந்த 'அந்த 7 நாட்கள்' திரைக்கதையைப் பிரித்துப் பாருங்கள். முதலிரவிலேயே விஷம் குடித்த பெண், அவளைக் காப்பாற்றும் மருத்துவக் கணவன், ஒரு வாரத்தில் உன் காதலனிடமே சேர்த்துவைக்கிறேன் என்று அவன் தரும் வாக்கு. அப்புறம்தான் பாலக்காட்டு மாதவன் ஆர்மோனியப் பெட்டியோடும் ஒரு பொடியனோடும் கதைக்குள் வருகிறார். அந்தப் பகுதி முழுக்கச் சிரிப்பு. சிரித்து முடிக்கும் முன் கழுத்தில் கிடக்கும் தாலி கதையை எங்கே இழுத்துப் போகும் என்பது நமக்குத் தெரிந்துவிடும், மாதவனுக்கு மட்டும் தெரியாது. கடைசிக் காட்சியில் மூன்று பேர், ஓர் அறை, ஒரு தாலி, அவ்வளவுதான். வேறு ஜோடனை எதுவும் கிடையாது.

அந்த ஆண்டு சிறந்த திரைக்கதை விருது தமிழுக்குத்தான் வந்தது. 'தண்ணீர் தண்ணீர்' படத்துக்காக கே. பாலசந்தர் வாங்கினார். குறை சொல்ல முடியாத படம் அது. ஆனால் அதற்கடுத்த வருஷங்களிலும் வெள்ளாங்கோயில் பக்கம் யாரும் திரும்பவில்லை. சிரிக்கவைத்துக் கதை சொன்னால் அது உழைப்பு என்று நடுவர்களுக்குத் தோன்றுவதில்லை. 'அந்த 7 நாட்கள்' இந்தியில் 'வோ சாத் தின்' ஆனபோது, அனில் கபூருக்கு இந்தியில் கதாநாயகனாக முதல் படம் அதுதான்.

நாகேசு தாராபுரத்துக்காரரு. அவுருக்குமா இல்ல?

அவர் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இல்லை. துணை நடிகருக்கான தேசிய விருதே 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. சிவாஜி கதைதான் இங்கேயும் (மேலே பார்க்க). 'திருவிளையாடல்' தருமி அதற்கு 19 வருஷம் முன்னாலேயே மண்டபத்தில் தனியாகப் புலம்பி முடித்துவிட்டான். அந்தக் காட்சியில் எதிரே நடிக்க ஆள் கிடையாது. தூண்களுக்கு நடுவே நடந்துகொண்டே, தனக்குத் தானே ஆறுதல் சொல்லி, தானே அதை நம்பாமல், மறுபடியும் ஆசைப்பட்டு, ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பேசுவார். வறுமையை இவ்வளவு சிரிப்பாகவும் இவ்வளவு வலியாகவும் ஒரே மூச்சில் காட்டின நடிப்பு நான் பார்த்தவரை வேறு இல்லை.

1994-இல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக வந்தார், ஒரு வார்த்தை வசனம் கிடையாது. அதே வருஷம் 'நம்மவர்' படத்தில் மகளை இழந்த பேராசிரியர். நம்மவருக்காகத் தமிழ்நாடு அரசு விருது கிடைத்தது. அந்தப் படம் தேசிய அளவில் தமிழின் சிறந்த படமாகவும் ஆனது.  

கவுண்டமணிக்கும் அப்பிடித்தானுங்களா?

தேசிய விருதில் நகைச்சுவைக்கு என்று தனிப் பிரிவு இல்லை. உடுமலைப் பக்கத்து வல்லகுண்டாபுரத்துக்காரர் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

அமைதிப்படை மாதிரிப் படத்துக்கெல்லாம் எதுக்குங் அவார்டு, அது மசாலாதான?

மசாலாதான். ஆனால் தமிழில் தேர்தல் அரசியலை அவ்வளவு பச்சையாகக் கிழித்த படம் அதற்கு முன் அதிகம் கிடையாது. சூலூர் மணிவண்ணன் இயக்கம், கோயமுத்தூர் சத்யராஜ் நடிப்பு. ஓட்டு எண்ணும் நாள் காட்சியைப் பாருங்கள். சட்டமன்றத்துக்கு நிறுத்தப்பட்ட அமாவாசை, முதலில் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு, எஜமானர் மணிவண்ணன் முன்னால் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பார். முன்னிலை நிலவரம் ஒவ்வொன்றாக வர வர, முதுகு ஒரு அங்குலம் பின்னால் சாயும், தோள் விரியும், குரல் மாறும், கடைசியில் கால் மேல் கால் ஏறும். அமாவாசை நாகராஜ சோழனாக மாறியதை ஒரு வசனமும் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் மணிவண்ணன் அதைப் பார்த்துத் திகைத்துப்போகும் முகமும் அதே அளவுக்கு நடிப்பு. கோயமுத்தூர்க் குசும்பு என்று சொல்கிறோமே, அது எவ்வளவு தூரம் குத்தும் என்பதற்கு இந்தக் காட்சி சாட்சி.

வெகுஜனப் படங்களுக்கு என்று 1975-லிருந்து ஒரு தேசிய விருது உண்டு. 1994-இல் அதை வாங்கியது இந்திக் கல்யாணப் படமான 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்'. 'அமைதிப்படை'யும் அதே 1994 படம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க யாருக்கும் மனம் வராது, எனக்கும்தான். குடும்பத்தோடு பார்க்கிற படமல்ல 'அமைதிப்படை'. கலைப்படப் பக்கமும் சேராது, பொழுதுபோக்குப் பக்கமும் சேராது. நையாண்டிப் படங்களுக்குத் தேசிய விருதில் இன்று வரை தனி இடமில்லை. பாக்கியராஜ், நாகேஷ், மணிவண்ணன் என்று நம்ம பக்கத்து ஆட்கள் கைதேர்ந்த வேலை பூராவும் இந்த இடமில்லாத பகுதியில்தான் விழுகிறது.

தமிழுக்குத் தங்கத் தாமரை வந்ததே இல்லைங்கறது நெசமா?

இல்லை, வந்திருக்கிறது, மூன்று தடவை. முதலாவது கே.எஸ். சேதுமாதவன் இயக்கிய 'மறுபக்கம்' (1990), இரண்டாவது பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' (2007), மூன்றாவது சுதா கொங்கராவின் 'சூரரைப் போற்று' (2020). 'மறுபக்கம்' இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சி வெயில்' குறுநாவலிலிருந்து எடுத்தது. கதாநாயகன் நம்ம சூலூர் பக்கத்து சிவகுமார்.

'மறுபக்கம்' கதை தலைகீழான புறக்கணிப்பு. விருது கிடைத்தது, பார்ப்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. தூர்தர்ஷனில் பார்த்தவர்கள் உண்டு. மற்றபடி கொங்கு நாட்டில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். சிவகுமாருக்கும் நடிப்புக்குத் தேசிய விருது வரவில்லை. 'சிந்து பைரவி' (1985) மூன்று விருது வாங்கியது. சுஹாசினிக்கு, இளையராஜாவுக்கு, சித்ராவுக்கு. ஜே.கே.பி.யாகக் குடித்துத் தடுமாறியவருக்கு இல்லை. சசி கபூர் வாங்கிய அதே வருஷம்தான் அதுவும்.

எம்.எஸ்.வி.?

சிறந்த இசையமைப்பாளர் தேசிய விருது அவருக்குக் கடைசி வரை இல்லை. அந்தப் பிரிவும் 1967-இல்தான் வந்தது. முதல் விருது 'கந்தன் கருணை'க்காக கே.வி. மகாதேவனுக்கு. ஆனால் 1967-க்குப் பிறகும் எம்.எஸ்.வி. பல வருஷம் உச்சத்தில் இருந்தார். இதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

அன்பே சிவத்தை எல்லாரும் இப்பத்தான் தூக்கி வெக்கறாங்க. அப்ப ஏன் விட்டாங்க?

ஈரோட்டுக்காரர் சுந்தர்.சி இயக்கிய படம் என்று சொன்னாலே இன்றும் சிலர் நம்ப மாட்டார்கள். 2003 பொங்கலுக்கு வந்தது. எதிரே 'தூள்'. எது ஓடியது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு தமிழின் சிறந்த படம் எஸ்.பி. ஜனநாதனின் 'இயற்கை', சிறந்த நடிகர் 'பிதாமகன்' விக்ரம்.

இதில் நடுவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அன்றைக்கு நாமும்தான் பார்க்கவில்லை. டிவியில் திரும்பத் திரும்பப் போட்ட பிறகுதான் நல்லசிவத்தின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண் நமக்குத் தெரிந்தது. இயக்குநர் பெயர்ப் பலகையைப் பார்த்துப் படத்தை எடைபோடும் பழக்கம் நடுவருக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

பரியேறும் பெருமாள், ஜெய் பீம் இதுக்கெல்லாம் குடுக்காததுக்கு சாதிதான காரணம்? நேராச் சொல்லுங்க.

நேராகவே சொல்கிறேன். 2018-ஆம் ஆண்டுப் பட்டியலில் 'பரியேறும் பெருமாள்' படத்துக்கு ஒன்றும் இல்லை. 'வட சென்னை', '96' படங்களுக்கும் இல்லை. தமிழுக்குச் சிறந்த படம் பிரியா கிருஷ்ணசுவாமியின் 'பாரம்'. 2021 பட்டியலில் 'ஜெய் பீம்', 'கர்ணன்', 'சார்பட்டா பரம்பரை' மூன்றுக்கும் ஒன்றும் இல்லை. தமிழின் சிறந்த படம் மணிகண்டனின் 'கடைசி விவசாயி'.

நடுவர் குழு தேர்ந்தெடுத்த படத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று இரண்டு வரி சொல்லும். விட்ட படத்தை ஏன் விட்டோம் என்று சொல்லாது. அதனால் உள்ளே என்ன பேசினார்கள் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சாதி பேசும் படம் என்றாலே ஒதுக்குகிறார்கள் என்றால், 2019-இல் 'அசுரன்' சிறந்த தமிழ்ப் படமாகவும் தனுஷ் சிறந்த நடிகராகவும் ஆனது எப்படி என்று கேள்வி வரும். அரசை விமர்சித்தால் கொடுக்க மாட்டார்கள் என்றால் தர்மபுரிப் பக்கத்துக் கதையான 'ஜோக்கர்' (2016) குறுக்கே நிற்கும். அதே சமயம் ஒரே வருஷத்தில் அப்படிப்பட்ட மூன்று படம் வந்து மூன்றுக்கும் நடிப்பு, இசை, ஒலி, கலை என எதிலுமே ஒன்றும் தேறவில்லை என்றால் சந்தேகம் வராமல் இருக்குமா? வரும். எனக்கும் வருகிறது. 'கடைசி விவசாயி' தகுதியான படம் என்பதால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடாது.

எங்க பேச்சுல வந்த 'சேத்துமான்' யாரும் கண்டுக்கலையே?

பெருமாள்முருகனின் 'வறுகறி' சிறுகதையை வைத்து, தமிழ் என்ற பெயருடைய இயக்குநர் எடுத்த படம். கொங்குப் பேச்சைக் கிண்டலுக்கு இல்லாமல், அந்த மனிதர்களின் மொழியாகவே பயன்படுத்திய படம் என்பதால் எனக்கு ஒட்டுதல் அதிகம். பன்றிக்கறி தின்ன ஆசைப்படும் பண்ணையாரும், பேரனைப் படிக்கவைக்கப் பாடுபடும் தாத்தாவும்தான் கதை. 2022-இல் நேராக ஓடிடியில் வந்தது. கொட்டாய் பார்க்காத படத்தைப் பற்றி ஊரில் பேச்சே எழாது. இன்னொன்று, ஓடிடிக்குத் தணிக்கை கட்டாயமில்லை. ஆனால் தேசிய விருதுக்குத் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம். 'சூரரைப் போற்று' ஓடிடியில் வந்தும் விருதுகளை அள்ளியது, சான்றிதழ் கையில் இருந்ததால்தான். சின்னப் படம் எடுக்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால், அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆஸ்கருக்கு நம்மாளுக கதை போயிருக்குதாமே?

போயிருக்கிறது. 'விசாரணை' 2016-இல் இந்தியாவின் சார்பில் போனது. அது கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் ஆந்திரக் காவல் நிலையத்தில் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்' நாவல். இறுதிப் பட்டியலுக்கு வரவில்லை. இந்தியா அனுப்பி அந்தப் பட்டியல் வரை போன கதைப் படங்கள் மூன்றுதான்: 'மதர் இந்தியா', 'சலாம் பாம்பே', 'லகான்'.

ஒரு நாட்டுக்கு ஒரு படம்தான் என்பதால் இங்கேயே பாதிப் படங்கள் அடிபட்டுவிடும். 'தி லஞ்ச்பாக்ஸ்' அப்படித்தான் நின்றுபோனது. 2022-இல் 'ஆர்ஆர்ஆர்' படத்தை அனுப்பாமல் குஜராத்திப் படம் ஒன்றை அனுப்பினார்கள். பாட்டுப் பிரிவுக்கு நாட்டின் பரிந்துரை தேவையில்லை என்பதால் 'நாட்டு நாட்டு' தனியாகப் போய் ஜெயித்தது. அதே மேடையில் சிறந்த ஆவணக் குறும்படமாக 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஜெயித்ததும் நினைவிருக்கும். முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் எடுத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் எட்டிவிடும் தூரம்தான்.

வெள்ளக்காரன் மட்டும் ஒழுங்கா குடுக்கறானா?

இல்லவே இல்லை. ஹிட்ச்காக்குக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் கிடையாது, ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டும். குப்ரிக்குக்கும் கிடையாது. அவர் வாங்கிய ஒரே ஆஸ்கர் '2001' படத்தின் காட்சி ஜாலத்துக்கு. 'சிட்டிசன் கேன்' சிறந்த படமாகவில்லை.

மாநில விருதாச்சும் வருஷா வருஷம் குடுத்திருக்கலாமல்லங்?

2009 முதல் 2014 வரையிலான ஆறு வருஷ விருதுகளை 2017 ஜூலையில் மொத்தமாக அறிவித்தார்கள். மேடையில் கொடுத்தது 2022-இல். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அப்ப நீங்க எதைத்தான் நெசமான அநியாயங்கறீங்க?

பிரிவு இல்லாதது, விண்ணப்பிக்காதது, வருஷக் கணக்கு மாறியது எல்லாவற்றையும் கழித்த பிறகும் எனக்கு உறுத்துவது சில உண்டு. 1979-இல் 'உதிரிப்பூக்கள்'. அந்த ஆண்டு 'பசி' தமிழின் சிறந்த படம் ஆனது, ஷோபா சிறந்த நடிகை. இரண்டிலும் தப்பில்லை. ஆனால் ஊரே சேர்ந்து ஒருவனை ஆற்றை நோக்கி நடக்கவைக்கும் அந்த முடிவை எழுதிய மகேந்திரனுக்கு இயக்கத்துக்கோ திரைக்கதைக்கோ ஏதாவது வந்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் அவருடைய 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' மூன்று விருது வாங்கியது. என் கண்ணுக்கு அதைவிட 'உதிரிப்பூக்கள்' பெரிய படம்.

இன்னொன்று 2008. 'சுப்ரமணியபுரம்' இருக்க, தமிழின் சிறந்த படம் 'வாரணம் ஆயிரம்' என்றார்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை, தவறான முடிவு. அப்புறம் 'அந்த 7 நாட்கள்' திரைக்கதை, ஓட்டு எண்ணும் நாளில் சத்யராஜ்.

இதுல எதை மொதல்ல பாக்கறதுங்? பசங்களும் கூட உக்காருவாங்க.

ஜோடியாகப் பாருங்கள், அப்போதுதான் சண்டை சுவாரஸ்யமாக இருக்கும். 'மலைக்கள்ளன்' மாலையில், 'அந்த நாள்' ராத்திரி. 'நாயகன்' ஒரு வாரம், 'வீடு' மறு வாரம். வீட்டுக் கடன் தவணை கட்டுகிறவர்கள் 'வீடு' பார்க்கும்போது கையில் துண்டு வைத்துக்கொள்ளவும். 'திருவிளையாடல்' பசங்களுக்குப் பிடிக்கும், தருமி வந்ததும் கைபேசியைக் கீழே வைத்துவிடுவார்கள். 'விசாரணை'யும் 'அமைதிப்படை'யும் அவர்கள் தூங்கின பிறகு.